சும்மா உட்காரத் தெரியுமா? கோனாவில் ராத்திரி மாண்டா டைவ், முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்கூபா வகுப்பில் நமக்குச் சொல்லித்தருவதெல்லாம் தண்ணீரில் மிதந்து நிற்பது எப்படி, தரையைத் தொடாமல் நீந்துவது எப்படி என்பதுதான். ஹவாயின் கோனா கரையில் ராத்திரி மாண்டா என்ற பெரிய திருக்கையைப் பார்க்கப் போகிறவர் அதில் பாதியை மறந்துவிட வேண்டும். வழக்கத்தைவிடக் கூடுதலாக எடை கட்டிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் மண்டியிட்டு, டார்ச்சை மேல்நோக்கிப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். மாண்டாவைத் தேடிப் போகிற டைவ் இல்லை இது. மாண்டா நம்மிடம் வருகிற டைவ். இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். எனக்கு முதல் தடவை ஏறவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

மாண்டா என்பது திருக்கை இனம். தமிழ் மீனவர்கள் கொம்புத் திருக்கை என்பார்கள். முகத்தின் இருபுறமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மடல்களால் வந்த பெயர். ஹவாய் மொழியில் ஹாஹாலுவா. கோனாவில் ராத்திரி வருவது பவளப்பாறை மாண்டா, அறிவியல் பெயர் மொபுலா ஆல்ஃப்ரெடி. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டர் இருக்கும். வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "கொட்டாதா?" என்பதுதான். 2006இல் ஆஸ்திரேலிய வனவிலங்கு நிகழ்ச்சிக்காரர் ஸ்டீவ் இர்வின் இறந்தது முள்வால் திருக்கை குத்தி. மாண்டாவின் வாலில் முள்ளே கிடையாது. கடிக்கவும் வராது, கீழ்த்தாடையில் பெயருக்குக் கொஞ்சம் பொடிப் பற்கள் உண்டு, அவற்றை வைத்து அது எதையும் சாப்பிடுவதில்லை. வாயைத் திறந்துகொண்டு நீந்தும், உள்ளே போகிற தண்ணீரைச் செவுள் தட்டுகள் வடிகட்டும், அதில் தங்குவதுதான் உணவு.

விளக்கும் ஈசலும்

இந்த டைவ் எப்படித் தொடங்கியது என்பது தெரிந்தால், கீழே போய் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும். 1970களில் கெயாவ்ஹோ விரிகுடாவின் ஓரத்தில் எழுந்த ஒரு ஹோட்டல், விருந்தினர்கள் அலையைப் பார்க்கட்டும் என்று கடலை நோக்கி விளக்குப் போட்டது. மழை விட்ட ராத்திரியில் தெருவிளக்கை ஈசல் மொய்க்குமே, அதேபோல் கடலிலும் வெளிச்சத்தைத் தேடி வருகிற பொடி உயிர்கள் ஏராளம்: கோப்பிபாட், நண்டுக் குஞ்சு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இறால் வகைகள். மிதவை உயிரிகள் என்று மொத்தமாகச் சொல்லலாம். அவை கூடின இடத்துக்கு மாண்டா வந்தது. மாண்டா வந்த இடத்துக்கு மனிதர்கள் வந்தார்கள். இன்றைக்கு விளக்கை டைவர்களே கையில் எடுத்துப் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோனா இதற்கு வாகான கரை. மௌனா கேயா, மௌனா லோவா என்ற இரண்டு பெரிய எரிமலைகள் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றை மறித்து நிற்பதால் மேற்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தவிர, கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் சரேலென்று ஆழமாகிவிடுகிறது. பகலில் ஆழத்தில் கிடக்கிற மிதவை உயிரிகள் ராத்திரியானால் மேலே ஏறி வருகின்றன. மாண்டாவுக்குச் சாப்பாடு கரையோரமே கிடைக்கிறது.

டைவ் நடக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, மேலே சொன்ன கெயாவ்ஹோ. மாண்டா வில்லேஜ் என்பார்கள். இன்னொன்று விமான நிலையத்தை ஒட்டிய மகாகோ விரிகுடா. கார்டன் ஈல் கோவ் என்றும் மாண்டா ஹெவன் என்றும் பெயர். வடக்கே கவாய்ஹாய் பக்கமும் படகுகள் போகின்றன. டைவருக்கு மகாகோதான் என் பரிந்துரை. மணலும் பாறையும் கலந்த தரையில் உட்கார இடம் தாராளம், விலாங்குகள் மணலில் புல் முளைத்த மாதிரி தலை நீட்டிக்கொண்டிருக்கும் சரிவு பக்கத்திலேயே இருக்கிறது.

போவதற்கு முன்னால் தயாராக வேண்டியவை

ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை ஸ்கூபா சான்றிதழ் போதும். இரவு டைவுக்குத் தனிப் படிப்பு படித்திருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் கேட்கவில்லை என்பதற்காகத் தயாராகாமல் போய்விடக் கூடாது. கடைசியாகத் தண்ணீரில் இறங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டதென்றால் கோனாவுக்குப் போவதற்கு முன்பே ஒரு பயிற்சியாளரோடு இறங்கிப் பழசைத் தூசு தட்டிக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் கடைசி டைவ் எப்போது என்று கேட்கும். பொய் சொல்லி ஏறுகிறவர்கள் உண்டு. படகிலேயே அவர்கள் கை நடுக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் செய்த ஒரு பயிற்சி நன்றாகப் பலன் தந்தது. நீச்சல்குளத்தில் முழு உபகரணத்தோடு மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணோடு ஒவ்வொன்றாகத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்: மிதப்பு ஜாக்கெட்டில் காற்றேற்றும் பொத்தான், காற்றை வெளியேற்றும் கயிறு, எடை கழற்றும் கொக்கி, மாற்று ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அழுத்தமானி. முதல் சுற்றில் மாற்று ரெகுலேட்டரைத் தேடி நான் என் விலாவையே கிள்ளிக்கொண்டிருந்தேன். நாலாவது சுற்றில் கை தானாகப் போனது. பிறகு கண்ணை மூடியபடியே மாஸ்க்கில் தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சி. இது இரண்டும் பழகிவிட்டால் இருட்டைப் பற்றிய பயத்தில் முக்கால்வாசி கரைந்துவிடும். மிச்சம் கால்வாசி அங்கே போனதும் தானே போய்விடும், ஏனென்றால் நிஜத்தில் அந்த இடம் இருட்டே இல்லை. ஐம்பது அறுபது டார்ச் எரிகிற இடம் திருவிழாத் தெரு மாதிரி இருக்கும்.

உடல்நலப் படிவத்தை வீட்டிலேயே படித்துப் பாருங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுத் தொந்தரவு என்று ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" போட வேண்டியிருந்தால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். படகுத்துறையில் நின்றுகொண்டு அதை வாங்க முடியாது. சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள், காது திறக்காது.

கூட வருகிறவர்களுக்கு டைவ் தெரியாதா? கவலையில்லை. விளக்கு பொருத்திய மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, குப்புறப் படுத்து மேலிருந்தே பார்க்கலாம். ஸ்னார்கல் என்ற மூச்சுக்குழாய் போதும். சொல்லப்போனால் மாண்டா அவர்கள் முகத்துக்குத்தான் அதிகம் நெருங்கி வரும். டைவர் பார்ப்பது வேறு காட்சி, அவ்வளவே.

டிக்கெட் போடும்போது

முதல் குழப்பம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. ஹவாய் என்பது மாநிலத்தின் பெயர். அதிலுள்ள மிகப் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான். ஹோனலூலு இருப்பது வேறு தீவில், ஓவாஹுவில். ஹோனலூலுவில் ஹோட்டல் போட்டுவிட்டு "மாண்டாவுக்கு டாக்சி கிடைக்குமா?" என்று கேட்டவரை எனக்குத் தெரியும். நீங்கள் இறங்க வேண்டியது கோனா விமான நிலையம். தங்க வேண்டியது கைலுவா-கோனா அல்லது கெயாவ்ஹோ பக்கம். மகாகோவுக்குப் போகும் படகுகள் பெரும்பாலும் ஹோனொகொஹாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பும். முகவரியை முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள்.

முடிந்தால் டைவைப் பயணத்தின் முதல் இரண்டு நாளுக்குள் போட்டுவிடுங்கள். கடைசி ராத்திரிக்குத் தள்ளாதீர்கள். இதற்குக் காரணம் இரண்டு. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பெரிய அலை வருகிற நாட்களில், குறிப்பாகக் குளிர்காலத்தில், டைவை ரத்து செய்துவிடுவார்கள். அலையே இல்லாவிட்டாலும் மாண்டா வராத ராத்திரிகளும் உண்டு. அது காட்டு விலங்கு, யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. கையில் நாள் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை போகலாம். இரண்டாவது காரணம் பெரியது; அதற்குத் தனியாக வருகிறேன்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது: ஒரு கைடுக்கு எத்தனை டைவர்? தொப்பி வைத்த வெட்சூட் (குளிர் தாங்கும் நீர் உடை) தருவார்களா? மாண்டா வராவிட்டால் மறுபடி கூட்டிப்போவார்களா, அப்படியானால் டைவுக்கா, ஸ்னார்கலுக்கா? ஒரு டைவா, இரண்டா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு என் பதில் சந்தேகமில்லாமல் இரண்டு. இரண்டு சிலிண்டர் பயணத்தில் சூரியன் மறையும் நேரத்தில் அதே இடத்தில் ஒரு தடவை இறங்கி ஏறுவீர்கள். எங்கே பாறை, எங்கே மணல், எடை போதுமா, மாஸ்க் ஒழுகுகிறதா என்பதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே தெரிந்துவிடும். புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. பணம் மிச்சம் பிடிக்க நினைத்து இருட்டில் நேராக இறங்குகிறவர்கள்தான் முதல் பதினைந்து நிமிஷத்தை மாஸ்க்கோடு மல்லுக்கட்டியே தொலைக்கிறார்கள்.

மலை ஏறாதீர்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டைவ் முடிந்து 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி, ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி என்பது பொதுவான கணக்கு. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். ஆனால் இந்தத் தீவில் விமானம் ஏறாமலேயே விமானத்தின் உயரத்துக்குப் போய்விடலாம்! மௌனா கேயா உச்சி 4,207 மீட்டர். அங்கே காரிலேயே போக முடியும். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் நிற்கும் பார்வையாளர் நிலையமே சுமார் 2,800 மீட்டர். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், இது அதையும் தாண்டிய உயரம்.

அதோடு முடியவில்லை. கோனாவிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள ஹீலோவுக்குக் குறுக்கே போகும் சாலை நடுவில் 2,000 மீட்டரைத் தொடுகிறது. தெற்கே சுற்றிப்போனால் கிலாவேயா எரிமலைப் பக்கம் 1,200 மீட்டர். "ராத்திரி டைவ் முடித்துவிட்டு, அப்படியே எரிமலைக்குப் பக்கத்து விடுதிக்குப் போய்த் தூங்கிவிடலாம்" என்று திட்டம் போடுவது மிகச் சாதாரணம், மிக ஆபத்தும் கூட. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மலையும் எரிமலையும், பிறகு டைவ், பிறகு ஒரு முழு நாள் கடற்கரையோரத்தில் சோம்பேறித்தனம், அதன்பின் விமானம். இல்லையென்றால் முதல் ராத்திரி டைவ், 24 மணி நேரம் கோனாவிலேயே இருப்பு, அப்புறம் மலை. உங்கள் வசதிப்படி எதையும் தேர்ந்தெடுங்கள். டைவ் முடிந்த இருபத்துநாலு மணி நேரம் கடல் மட்டத்தை விட்டு நகராதீர்கள்.

அன்றைய தினம்

மத்தியானம் சாப்பிடுங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். குமட்டல் வருகிறவர் என்றால் மாத்திரையைப் படகு கிளம்பச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டிய பிறகு போடும் மாத்திரை கடலுக்குத்தான் போகும். எந்த மாத்திரை தூக்கம் வரவழைக்கும் என்பதை முன்பே ஒரு நாள் வீட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள். படகு ஓடும்போது யாருக்கும் ஒன்றும் ஆகாது. கட்டிப்போட்டு, இருட்டுவதற்காகக் காத்திருக்கும் அரைமணி நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும். அப்போது உள்ளே குனிந்து கைப்பேசியை நோண்டாமல், தெரிகிற வரை கரையையே பார்த்துக்கொண்டிருங்கள். தண்ணீருக்கடியில் வாந்தி வந்துவிட்டால்? ரெகுலேட்டரை வாயிலேயே வைத்துக்கொண்டு அதன் வழியாகவே எடுக்கலாம். கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் செய்ய வேண்டியது அதுதான்.

மீசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூக்குக்குக் கீழே மாஸ்க் படியும் இடத்தில் மயிர் இருந்தால் தண்ணீர் கசியும். மீசையை எடுக்க வேண்டாம். மூக்கை ஒட்டி ஒரு கோடு மட்டும் மழித்துவிட்டால் போதும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். சன்ஸ்கிரீன் அன்று சாயங்காலம் தேவையே இல்லை, பூசாதீர்கள். பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது.

குளிரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோனா கடல் 24 முதல் 27 டிகிரி வரைதான் இருக்கும். பகலில் நீந்தினால் சுகமாக இருக்கும். ஆனால் நீங்கள் நீந்தப் போவதில்லை, உட்காரப் போகிறீர்கள். ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம். அதுவும் அன்றைய இரண்டாவது டைவ். 5 மில்லிமீட்டர் வெட்சூட், தலைக்குத் தொப்பி, இரண்டையும் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

சூரியன் கோடையில் ஏழு மணியை ஒட்டி மறையும், டிசம்பரில் ஆறுக்கு முன்பே மறைந்துவிடும். மறைந்தால் அரைமணி நேரத்துக்குள் கும்மிருட்டு. அதற்குள் கைடு பேசி முடித்திருப்பார். அதில் காது கொடுத்துக் கேட்க வேண்டியது சைகைகள். கீழே விரல் தெரியாது, ஆகவே டார்ச்சால் பேச வேண்டும். தரையில் மெதுவாக வட்டம் போட்டால் "நான் நலம்". விறுவிறுவென்று இடவலமாக ஆட்டினால் "இங்கே பார், பிரச்சினை". கையால் காட்ட வேண்டிய சைகையைக் காட்டும்போது டார்ச்சை உங்கள் கைமேல் அடியுங்கள், எதிராளி கண்ணில் அடிக்காதீர்கள். சிலிண்டரில் கட்டிய சின்ன விளக்கின் நிறத்தைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உங்கள் ஆட்களை அதை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். இரண்டு மூன்று படகு ஆட்கள் ஒரே இடத்தில் உட்காருவார்கள். டைவ் முடிந்து வேறு படகின் ஏணியில் ஏறி அசடு வழிவது அங்கே வாடிக்கை.

அழுத்தமானி பிஎஸ்ஐ என்ற அமெரிக்க அழுத்தக் கணக்கில் இருக்கும், நமக்குப் பழகிய பார் கணக்கில் இருக்காது. 3,000 பிஎஸ்ஐ என்பது கிட்டத்தட்ட 200 பார். 500 என்பது 35. ஆழம் அடிக் கணக்கு, எடை பவுண்டுக் கணக்கு. "எனக்கு ஆறு போதும்" என்று நீங்கள் கிலோவை நினைத்துச் சொன்னால் ஆறு பவுண்டு கையில் கொடுத்துவிடுவார்கள். அது மூன்று கிலோகூட வராது.

கீழே

என் முதல் தடவைக் கதை இந்த எடையில்தான் தொடங்குகிறது. கைடு இரண்டு பவுண்டு கூடப் போடச் சொன்னார். மிதப்புக் கட்டுப்பாட்டில் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு, வேண்டாம் என்றேன். அலுமினிய சிலிண்டர் காற்றுக் குறையக் குறைய மிதக்கத் தொடங்கும், காலியாகும் நிலையில் ஒன்றரை இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும் என்று படித்தது எல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. இருபதாவது நிமிஷம் முழங்கால் மணலை விட்டு எழும்பியது. கையால் துழாவி ஒரு பாறையைப் பிடித்தேன். அலையாட்டம் என்னைக் கொடியில் காயும் வேட்டி மாதிரி முன்னும் பின்னும் ஆட்டியது. சரியாக அந்நேரம் ஒரு மாண்டா நேரே வந்தது. என் காலில் மாட்டிய ஃபின் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து விலகி, அடுத்த ஆள் தலைக்கு மேல் போய்விட்டது. கைடு நீந்தி வந்தார். திட்டவில்லை, தலையளவு கல் ஒன்றைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போனார். மிச்ச நேரம் முழுக்கக் குழந்தையை வைத்திருப்பதுபோல் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுக்கிற எடையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது நங்கூரக் கயிற்றை ஒட்டி இறங்குங்கள், ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சரிசெய்துகொண்டே. கீழே கைடு ஒரு பெட்டியில் பெரிய விளக்குகளை மேல்நோக்கி வைத்திருப்பார். அதைச் சுற்றி வட்டமாக உட்கார வேண்டும். கேம்ப்ஃபயர் என்றே அதற்குப் பெயர். உட்காருமுன் டார்ச்சை அடித்துத் தரையைப் பாருங்கள்: கடல்முள்ளி இருக்கக் கூடாது, பவளம் இருக்கக் கூடாது. மணலும் வெறும் பாறையும்தான் உங்கள் ஆசனம். ஜாக்கெட்டிலிருந்து காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு மண்டியிடுங்கள். சிலிண்டர் தலைக்குமேல் துருத்தாமல் சற்றே பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். மாஸ்க்கில் ஸ்னார்கல் மாட்டியிருந்தால் படகிலேயே கழற்றிவிட வேண்டும். வானத்தை நோக்கி நிற்கும் அந்தக் குழாய் மாண்டாவின் வயிற்றைக் கீறும்.

டார்ச்சை நேராக மேலே பிடியுங்கள். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒளிக்கற்றைக்குள் தூசு மாதிரி ஏதோ கூடத் தொடங்கும், அடர்த்தியாகும், ஒவ்வொரு தூசும் தானாகத் துள்ளும். அதுதான் ஈசல். கூடவே வெள்ளி மீன் கூட்டம் ஒன்று விளக்கைச் சுற்றும். காலடியில் விலாங்கு ஒன்று உங்களைச் சட்டை செய்யாமல் ஊர்ந்து போகலாம். விரலை ஆட்டாமலிருந்தால் அதுவும் உங்கள் விரலை மீன் என்று நினைக்காது.

மாண்டா வருவது முதலில் கண்ணில் படாது. ஒளி எட்டாத விளிம்பில் இருட்டில் ஒரு பகுதி மட்டும் நகர்கிற மாதிரி தோன்றும். அடுத்த மூச்சுக்குள் வெளிச்சத்துக்குள் நுழைந்துவிடும். கொம்பு மடல்கள் விரிந்து முறம் மாதிரி தண்ணீரை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கும். வாய், வாசல் மாதிரி திறந்திருக்கும். உள்ளே வெள்ளையாக, விலா எலும்பு வரிசை போலச் செவுள் வளைவுகள் தெரியும், டார்ச் வெளிச்சம் செவுள் பிளவு வழியாக வெளியே கசியும். உங்கள் முகத்தை நோக்கி நேராக இறங்கி, மோதப்போகிறது என்று நீங்கள் முடிவு செய்துவிட்ட நொடியில் வயிற்றைக் காட்டி மேலே வளைந்துவிடும். ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். இறக்கை தள்ளிய தண்ணீர் கன்னத்தில் தட்டுவது தெரியும். அப்படியே மல்லாந்து ஒரு முழு வட்டம் சுழன்று மறுபடி அதே வெளிச்சத்துக்குள் வரும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து வட்டம்கூடப் போடும். உணவு அடர்ந்த இடத்தை விட்டுப் போகாமல் வாரிக்கொள்ள அது கண்ட வழி அது. ஓய்ந்து நிற்கவும் அதனால் ஆகாது; நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும், மூச்சு விட முடியும்.

அந்த நொடியில் கை தானாக மேலே எழும். எழக் கூடாது. மாண்டாவின் தோல்மேல் வழுவழுவென்று ஒரு படலம் இருக்கிறது. தொற்று அண்டாமல் காப்பது அது. தொட்டால் அது அழியும். ஒரு பெண் மாண்டா ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து ஈனுவது பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி, அதுவும் வருஷா வருஷம் இல்லை. ஹவாய் 2009இல் தன் கடலில் மாண்டாவைப் பிடிப்பதையும் கொல்வதையும் சட்டம் போட்டே தடுத்தது. தொட வந்தால் அது தொடட்டும், நீங்கள் தொடாதீர்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு உட்காருங்கள். டார்ச்சை அதன் கண்ணில் அடிக்காதீர்கள். மூச்சை மட்டும் எக்காரணம் கொண்டும் அடக்காதீர்கள். குமிழி அதன்மேல் படுமே என்று அடக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் நுரையீரல், அப்புறம்தான் மரியாதை. நேரே தலைக்குமேல் இருக்கும்போது கொஞ்சம் மெதுவாக விடுங்கள், போதும்.

காற்றுக் கணக்கு இங்கே தாராளம். 12 மீட்டரில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் இரண்டேகால் மடங்கு. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிஷத்துக்குச் சுமார் 12 லிட்டர் மூச்சு விடுவார் என்று வைத்தால் அந்த ஆழத்தில் 26 லிட்டர் செலவு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்று, அதில் 150 பார் செலவழிக்கலாம் என்றால் ஒரு மணி நேரம் வரும். பதற்றத்தில் மூச்சிரைத்தால் இதில் பாதிகூட வராது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழுத்தமானியைப் பாருங்கள். தலைக்குமேல் நாடகம் நடக்கும்போது இது ஒன்றுதான் மறந்துபோகும்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முதல் தடவை எடுத்துப் போகாதீர்கள். கேட்க மாட்டீர்கள் என்பதால்: அகலக் கோணம், வீடியோ, பிளாஷ் கூடாது, நீளக் குச்சியில் மாட்டக் கூடாது. மிதவை உயிரிகள் வெளிச்சத்தில் பனிப்பொழிவு மாதிரி விழும், படம் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பீர்கள்; அதுதான் அங்கே இருந்தது.

மேலே ஏறும்போது

கைடு சைகை காட்டியதும் கிளம்புங்கள். "இன்னும் ஒரு மாண்டா" என்று தங்குகிறவருக்காகப் பத்துப் பேர் குளிரில் நடுங்குவார்கள். மேலே ஸ்னார்கல்காரர்கள் மிதக்கிறார்கள், படகுகள் நிற்கின்றன; உட்கார்ந்த இடத்திலிருந்து நேராக எழும்பவே கூடாது. தரையோடு நீந்தி உங்கள் படகின் கயிற்றுக்கு வந்து, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நில்லுங்கள். கூடுதல் எடை கட்டியிருப்பது ஞாபகமிருக்கட்டும்: ஜாக்கெட்டில் காற்றைச் சிறுகச் சிறுக ஏற்றினால்தான் கயிற்றருகே நிதானமாக நிற்க முடியும். ஒரேயடியாக அழுத்தினால் பலூன் மாதிரி போய்விடுவீர்கள். தலை வெளியே வந்ததும் முதல் வேலை, ஜாக்கெட்டை நன்றாக ஊதிக்கொள்வது.

படகேறியதும் வெட்சூட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காய்ந்த சட்டையைப் போடுங்கள். திரும்பும் காற்றில்தான் பல் கிட்டும். சூடாக எதையாவது கொடுப்பார்கள், குடியுங்கள். அமெரிக்க வழக்கப்படி படகு ஆட்களுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் ரொக்கம் நனையாத பையில் இருக்கட்டும். மூட்டு வலி, மரத்துப்போதல், வழக்கத்தை மீறிய அசதி என்று ஏதாவது தோன்றினால் "குளிர்தான்" என்று மழுப்பாமல் உடனே சொல்லுங்கள்; மேலே சொன்ன நைட்ரஜனின் வேலையாகவும் இருக்கலாம்.

உங்கள் டைவ் பதிவேட்டில் ஆழம், நேரம், எடை எழுதுகிறபோது மாண்டாவின் வயிற்றுப் புள்ளிகளையும் நினைவிருக்கிற வரை வரைந்துவையுங்கள். ஒவ்வொரு மாண்டாவின் வெள்ளை வயிற்றிலும் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதை வைத்துத்தான் கோனாவில் 300க்கும் மேற்பட்ட மாண்டாக்களுக்குப் பெயர் வைத்துப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். 1979இல் முதலில் அடையாளம் கண்டது லெஃப்டி என்ற பெண்ணை. இடது கொம்பு மடல் பழுதானதால் அந்தப் பெயர். வயிறு தெளிவாக விழுந்த படம் இருந்தால் கைடிடம் காட்டுங்கள். யார் என்று அநேகமாக அவரே சொல்லிவிடுவார். பட்டியலில் இல்லாத புள்ளி என்றால் பெயர் வைக்கும் வாய்ப்பும் கிடைக்கலாம். நான் இரண்டாம் தடவை எடுத்ததில் ஒரே ஒரு படம்தான் தேறியது. அதைக் கைடு கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்றார்.